விமானம் முன்கூட்டி வரவில்லை

சித்தப்பாவிடமிருந்து போன் வந்தபோது நான் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணன் போயிட்டாரு கண்ணு. விடிய விடிய நல்லாத்தான் இருந்தாரு. காப்பி குடிச்சவரு அப்படியே சாஞ்சுபோட்டாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. தக்காளியை எடை போடச் சொல்லி, காசு கொடுத்து, பையை வாங்கிக்கொண்டுதான் பல்லடத்துக்குக் கிளம்பினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெரியப்பாவைப் பிடிக்காத ஒருத்தி எழுதுவது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள். குடும்பத்தில் பத்திரிகைக்கு எழுதுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் அவர் மகன் சரவணன் என்னிடம் வந்தான். "அக்கா, அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றான். நாலு வார்த்தை எழுதலாம், நல்லதாக எழுதுவதுதான் கஷ்டம் என்று சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்த அவன் தங்கை பூங்கொடி, "நீங்க நெனைக்கறதை எழுதுங்கக்கா. நான் அச்சுக்குக் குடுக்கறேன்" என்றாள். அவள் சொன்னதால்தான் எழுதுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அர்த்தநாரி பெரியப்பாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவின் அண்ணன். பல்லடத்தில் பாதிப் பேருக்கு அவர் பண்ணைக் கோழிக்குஞ்சு போயிருக்கிறது. அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் எங்கள் வீட்டுக்கும் அவர்தான் முடிவு சொல்கிறவர். நான் எந்தக் காலேஜில் படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது, வீட்டுக்கு என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மெதுவாகத்தான் சொல்வார். சொன்னதும் எழுந்து செருப்பை மாட்டிக்கொள்வார். அதற்கு மேல் அங்கே பேச்சில்லை என்று அர்த்தம்.

அவருக்கு எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் உண்டு. அது தொழிலில் வந்தது. பொரித்த அன்றே குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து கேரளத்துக்கு அனுப்புவார்கள். வழியில் தீனியும் கிடையாது, தண்ணியும் கிடையாது. டிரைவர் ஆறு மணி நேரம் என்றால் பெரியப்பா பத்து என்று வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுக்கச் சொல்வார். ஒருமுறை மதுக்கரை தாண்டி ஏதோ விபத்தில் பாதை அடைத்துக்கொண்டு, வண்டி அரை நாள் நகரவேயில்லை. அன்றைக்குப் போன மற்றவர்களின் குஞ்செல்லாம் வெயிலில் செத்துப்போயின. இவர் வண்டி பொழுது விடிவதற்கு முன்னாலேயே தாண்டிப் போயிருந்தது. "பயணம்னா கூட்டித்தான் சொல்லோணும் கண்ணு. கொறச்சுச் சொன்னா உசுரு போயிரும்" என்று அதன் பிறகு சொல்லிக்கொண்டே இருந்தார். கோழிக்குஞ்சு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவர் குஞ்சுப்பெட்டியோடு நிற்கவில்லை. ஊரில் யார் பிள்ளை வெளிநாடு போனாலும், எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று கேட்பார். பதினாறு என்றால், "இருபதுன்னு வெச்சுக்கோ" என்பார். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர், ஏறி இறங்கியவர்களையே திருத்துவார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெரிய மனிதரிடம் வாயாடுவானேன் என்பது நம் பக்கத்து மரியாதை. அந்த மரியாதையின் மேல் எனக்கு இப்போது மரியாதை இல்லை.

கல்யாணமாகி நான் டொரண்டோவுக்குக் கிளம்பிய அன்றைக்கு பீளமேடு விமான நிலையத்துக்கு அம்மாவும் பெரியப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பெரியப்பா முந்திக்கொண்டார். "பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருங்க அம்மிணி. இங்கிருந்து கொடுமுடிக்கு நூறு தடவை போயிட்டு வாராப்பல." அதுவும் கூட்டிச் சொன்னதுதான், அறுபத்துச் சொச்சம் தடவைக்கு மேல் வராது. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கொடுமுடிக்கு ஒரு தடவை போய் வந்தாலே கால் வீங்குகிறவள். "அத்தனை தூரத்துல இருந்து நீ எப்பக் கண்ணு வந்து சேருவே?" என்றாள். "ஒரு நாள்ம்மா. ஒரே நாள்ல வந்துருவேன்" என்றேன். அம்மா பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னாள், "மாமா, எனக்கு ஒண்ணுன்னா இவ வந்து மொகத்தைப் பாத்ததுக்கப்பறந்தான் எடுக்கோணும். எனக்கு இருக்கறது இவ ஒருத்திதானுங்க." பெரியப்பா, "ஆகட்டும்" என்றார். சும்மா தலையாட்டவில்லை, வாய்விட்டுச் சொன்னார். என் காதால் கேட்டேன்.

அம்மா போனது ஒரு தை மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். டொரண்டோவில் அப்போது வெள்ளிக்கிழமை காலை. அன்றிரவே விமானம் கிடைத்தது. வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கி மாறினால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோவை. டிக்கெட்டைப் படம் எடுத்து குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நல்ல ஐஸ் பெட்டி இருந்தால் ஞாயிறு மதியம் வரைக்கும் வைத்திருப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் மகனுக்காக அதற்கு மேலும் வைத்திருக்கிறார்கள்.

விமானம் மாறுகிற ஊரில் இறங்கியதும் பெரியப்பாவைத்தான் கூப்பிட்டேன். "அம்மாவை வெச்சிருக்கீங்கல்லங்க பெரியப்பா?" என்று கேட்டேன். "வெச்சிருக்கறோம் கண்ணு. நீ பதறாம வா. உன்ற நேரமெல்லாம் எங்கிட்ட இருக்குது" என்றார். அவர் அப்போதே மின்மயானத்துக்கு நேரம் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை எடுக்கக் கூடாது என்பதால் ஞாயிறு காலை எட்டரைக்கு. வழியில் அழுதுகொண்டு வருவேன் என்பதால் சொல்லவில்லை என்று பிறகு விளக்கம் கொடுத்தார்கள். விளக்கத்துக்கு நம் வீட்டில் என்றைக்குமே பஞ்சம் கிடையாது.

என்ன நடந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் என் டிக்கெட்டைப் பார்த்திருக்கிறார். ஞாயிறு காலை ஒன்பது என்று இருந்திருக்கிறது. டிக்கெட் கனடாவில் எடுத்தது, அதனால் அதில் போட்டிருப்பதும் கனடா நேரம், நம் நேரம் அதற்குப் பத்தரை மணி நேரம் முன்னால் என்று முடிவுகட்டி, ஒன்பதோடு பத்தரையைக் கூட்டியிருக்கிறார். அப்படியென்றால் நான் இறங்குவது ஞாயிறு ராத்திரி ஏழரை. பொழுது விழுந்த பிறகு எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருக்க வேண்டும். பெண்பிள்ளைக்காக அத்தனை நேரம் எதற்கு, கொள்ளி வைக்கப்போவது பங்காளி மகன் சரவணன்தானே என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாராம். சரவணன் மட்டும், "அப்பா, அது நம்மூரு டைமாக்கூட இருக்கும்ல?" என்று இழுத்திருக்கிறான். "நீ போயிருக்கறியா?" என்று கேட்டிருக்கிறார். அவரும் போனதில்லை என்பதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒன்பது மணிக்கு விமானம் இறங்கியது. யாரைக் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. டாக்சி பிடித்து சூலூர், காரணம்பேட்டை தாண்டிப் போனேன். பல்லடத்தில் எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியபோது வழியெல்லாம் ரோஜா இதழும் செவ்வந்தியும் சிந்திக் கிடந்தன. யாருக்குப் போட்ட பூ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிரைவருக்குத் தெரியவில்லை. டாக்சி அதன் மேல் ஏறித்தான் போனது. வீட்டு வாசலில் சேரையெல்லாம் அடுக்கிவிட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத்தலையோடு நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதார்கள். தெருவில் கிடந்த அந்தப் பூவைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன், அம்மாவை அல்ல.

பெரியப்பா குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தார். "நீ ராத்திரி ஏழரைக்குத்தானே கண்ணு வாரே?" என்றார். அழக்கூட மறந்து அவருக்கு விளக்கிச் சொன்னேன். டிக்கெட்டில் எந்த ஊரில் இறங்குகிறோமோ அந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள், "பாவம், துக்கத்துல என்ன பேசறதுன்னு தெரியாம பேசுது" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எல்லோரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார், "பிளேன் முன்னாடியே வந்துபோட்டுதாட்ட இருக்குது. பொறத்தாலிருந்து காத்து தள்ளியுட்டிருக்கும்."

நீங்கள் சிரிக்கலாம். நானும் இப்போது சில சமயம் சிரிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. அம்மாவின் பதினாறாம் நாளில் சொன்னார்கள். அடுத்த வருடம் திதியில் சொன்னார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டே, "உனக்குத்தான் பாவம், பிளேன் முன்னாடி வந்தும் பாக்கக் குடுத்துவெக்கலை" என்றார் ஒரு அத்தை. பதிமூவாயிரம் கிலோமீட்டரைப் பத்தரை மணி நேரம் முன்கூட்டியே கடந்த விமானம் உலகத்தில் என்னுடையது ஒன்றுதான். திருத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்புறம் விட்டுவிட்டேன். நாங்கள் கோவைக்கே திரும்பி வந்து குடியேறிய பிறகும் அந்த வீட்டு விசேஷங்களுக்கு நான் போனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

பூங்கொடி அமெரிக்கா போன பிறகு, பெரியப்பா அவளைப் பார்க்க ஒருமுறை சான் பிரான்சிஸ்கோ போய்வந்தார். அவர் வாழ்க்கையில் அந்த ஒரு விமானப் பயணம்தான். திரும்பி வந்த அன்றைக்கு அழைத்துப்போக வந்த வண்டி வழியில் பஞ்சராகி நிற்க, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, திருச்சி ரோட்டில் ஏறினதும் கேட்டேன்.

"டிக்கெட்டுல போட்ட மணிக்கே இறங்குனீங்களாங்க பெரியப்பா?"

"இறங்குனோம்."

"அங்க போனப்பவுமா?"

"அப்பவுந்தான்."

"அது யாரு டைமுங்க?"

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி சூலூர் குளத்தைப் பார்த்தார். "ஏசியைச் சித்தே கம்மி பண்ணு கண்ணு. மூட்டு வலிக்குது" என்றார். பல்லடம் வரைக்கும் வேறு பேச்சில்லை. இறங்கும்போது, "சாப்புட்டுட்டுப் போலாம் வா" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் நான் அவரை வெறுத்தேன். அதற்கு முன்னால் இருந்தது கோபம். தெரியாமல் செய்தவரிடம் கோபப்படலாம், சண்டை போடலாம், ஒரு நாள் சமாதானமும் ஆகலாம். தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவரை என்ன செய்வது? "தப்பாக் கூட்டிப்போட்டேன் கண்ணு" என்று மூன்றே வார்த்தை. அதற்கு அவருக்கு வழி நெடுக நேரம் இருந்தது.

இப்போது அவர் போன நாளுக்கு வருகிறேன். நான் பல்லடம் போய்ச் சேர்ந்தபோது அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். சரவணன் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். பூங்கொடி அமெரிக்காவிலிருந்து கிளம்பி சிங்கப்பூர் வழியாக வருகிறாள், மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கோவையில் இறங்குகிறாள் என்று டிக்கெட்டை அனுப்பியிருந்தாள். மறுநாள் காலையில் சித்தப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். இனி முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தானே. "ரெண்டுன்னு போட்டிருக்குது. அமெரிக்காவுக்குப் பன்னெண்டரை கூட்டோணும். அப்ப நடுச்சாமம் தாண்டிருது. அண்ணன் இருந்தா காத்திருக்கச் சொல்ல மாட்டாரு. பையன் இங்கயே இருக்கறான். பன்னெண்டு மணிக்கு எடுத்தரலாமுங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். சரவணனும் தலையாட்டினான். பூங்கொடி நடுவானத்தில் இருந்தாள்.

நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். அவர் சொல்லிக்கொடுத்த கூட்டல், அவர் மூடிவைத்த உண்மை, அவர் மகள் தலையிலேயே விடியட்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்படவும் இல்லை. பிறகு அந்தத் தெருவும், சிந்திக் கிடந்த பூவும், அதன் மேல் ஏறிப்போகும் டாக்சியும் நினைவுக்கு வந்தன. இந்தத் தடவை அந்த டாக்சிக்குள் பூங்கொடி. எழுந்து வாசலுக்குப் போனேன்.

"கூட்டாதீங்க சித்தப்பா. ரெண்டுன்னா நம்ம ரெண்டு மணிதான். மூணரைக்குள்ள ஊட்டுக்கே வந்துருவா."

"நல்லாத் தெரியுமா அம்மிணி?"

"நான் அப்படித்தானுங்க வந்து இறங்குனேன்."

சித்தப்பா டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே ஒரு சேரில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப, அன்னிக்கு உங்கம்மாவுக்கு... பிளேன் முன்னாடி வரலையா?"

"இல்லீங்க. போட்ட நேரத்துக்குத்தான் வந்துச்சு."

பந்தியில் எனக்காகப் பாவப்பட்ட அந்த அத்தையும் அங்கேதான் இருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டு. சித்தப்பா மின்மயானத்துக்குப் போன் போட்டு, சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் என்று சொன்னார்.

பூங்கொடி மூன்றேகாலுக்கு வந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அழுதாள், வாய்க்கரிசி போட்டாள், காலைத் தொட்டாள். அவள் பின்னால் நின்று நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் திறக்காமலிருக்கத் துணியால் கட்டியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் அதைத் திறக்கவில்லை. என் அம்மாவின் முகத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது இந்த முகம்தானா என்று வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

நாலு நாள் கழித்து பூங்கொடி என்னிடம் ஒன்று சொன்னாள். பெரியப்பா சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் விமான நிலையத்துக் கடிகாரத்தையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாராம். "இது இந்த ஊரு டைமா அம்மிணி?" என்று இரண்டு தடவை கேட்டாராம். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லையாம். களைப்பு என்று நினைத்தாளாம். "அப்பா உள்ளுக்குள்ள பட்டிருப்பாருங்கக்கா" என்றாள். பட்டிருக்கலாம். ஒரு வேளைச் சோற்றை விட்டது பூங்கொடி வீட்டில். சொல்ல வேண்டிய இடம் என் வீடு. நீ அவரைக் கடைசியாகப் பார்க்க முடிந்ததுகூட அவரால் இல்லை என்று சொல்ல வந்தேன். அவள் அவருடைய மகள். சொல்லவில்லை.

மலரில் நீங்களெல்லாம் அவர் உங்களுக்குச் செய்ததையெல்லாம் எழுதுவீர்கள். எழுதுங்கள், அதில் பொய் இருக்காது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கூட்டிய அந்தப் பத்தரை மணி நேரத்தைத்தான். என் அம்மாவின் முகம் அதற்குள் இருந்தது. போனவரை மன்னித்துவிடு என்று சொல்ல யாரும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். எனக்காக ஏதாவது செய்ய நினைத்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இனி எங்காவது என் அம்மாவின் பேச்சு வந்தால், அவள் மகள் சொன்னபடி ஒரே நாளில் வந்துவிட்டாள், போட்ட நேரத்துக்கு வந்துவிட்டாள் என்று சொல்லுங்கள்.